இயற்கையின் வரமாம், வெங்காயமாம்!

டிஸ்கி: இது பயணக் கட்டுரை இல்லை. போட்டோ கிடையாது, எந்த ஹோட்டல்ல தோசை கிடைக்கும்ங்கற தகவலும் கிடையாது. கொஞ்சம் காரமா இருக்கும். ஆட்டோ அனுப்ப நினைக்கறவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டு அனுப்புங்க.

கோஸ்டா ரிகா போயிட்டு வந்து நம்ம மக்கள் எழுதற பதிவுகளுக்கு ஒரே அச்சுதான். முதல் பத்தியில "இயற்கை அன்னை அள்ளிக் கொடுத்த வரம்". நடுவுல ராஃப்டிங் போட்டோ, "உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திகில் சாகசம்". கடைசியில ஒரு புலம்பல்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா எதுக்கெடுத்தாலும் ரூல்ஸ், ரொம்பக் கெடுபிடிப்பா". பின்னூட்டத்துல நாப்பது பேர் "அருமை, படங்கள் சூப்பர், கொடுத்து வெச்சவங்க". முடிஞ்சது கதை.

வரம், சாகசம், கெடுபிடி. என்னோட சண்டை இந்த மூணு வார்த்தையோடதான். மூணுமே பொய். அதுலயும் மூணாவதா புலம்பறீங்களே கெடுபிடின்னு, அது இல்லைன்னா முதல் ரெண்டுக்கும் வழியே கிடையாது.

நானும் போனேன். 2023 டிசம்பர், ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேர், ஒன்பது நாள். ஹூஸ்டன்லேருந்து நாலு மணி நேரத்துக்குள்ள சான் ஹோசே. ஆறு, கடல், எரிமலை எல்லாம் பாத்தாச்சு. பொட்டி தட்டற பயலுக்கு அது எப்பேர்ப்பட்ட சொர்க்கம்னு சொல்லத் தேவையில்லை. அந்தச் சொர்க்கத்துக்கு வாட்ச்மேன் யாரு, சம்பளம் யார் தர்றாங்கங்கறதுதான் இந்தப் பதிவு.

முதல்ல வரம். அங்க காடு அப்படியே ஆதிகாலத்துலேருந்து நிக்குதுன்னு நினைக்கறீங்களா? 1980கள்ல நாட்டுப் பரப்பில் கிட்டத்தட்ட கால்வாசிதான் காடு மிச்சம். மத்ததெல்லாம் மாட்டு மேய்ச்சலுக்காக வெட்டித் தள்ளினது. அமெரிக்காவுல பர்கர் சாப்பிடறவனுக்கு மாட்டுக்கறி ஏத்துமதி. மாடு வளர்க்க வங்கியில கடன். காட்டை வெட்டி நிலத்தைச் சுத்தம் பண்ணினவனுக்கே அந்த நிலம் சொந்தம்ங்கற மாதிரி சட்டம் வேற. அதாவது மரத்தை வெட்டினாத்தான் நீ உழைப்பாளி, விட்டு வெச்சா சோம்பேறி.

அப்புறம் என்ன, ஒரு நாள் அன்னை மனசு இரங்கி வரம் குடுத்துட்டாளா? வெங்காயம்! 1996-ல ஒரு வனச் சட்டம் போட்டாங்க. காடா இருக்கற இடத்தை வேற எதுக்கும் மாத்தக் கூடாது, அது உன் சொந்த நிலமாவே இருந்தாலும். சும்மா தடை மட்டும் போட்டா விவசாயி வயித்துக்கு என்ன பண்ணுவான்? அதுக்கும் வழி பண்ணினாங்க. காட்டை வெட்டாம வெச்சிருக்கற நில உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு இவ்வளவுன்னு அரசாங்கம் பணம் குடுக்கும். அந்தப் பணத்துல பெரும்பங்கு எங்கேருந்து வருது தெரியுமா? பெட்ரோல், டீசல் வரியிலேருந்து. வரி வருமானத்துல 3.5 சதவீதம் இதுக்குன்னே ஒதுக்கீடு. மாட்டுக்கறி விலை விழுந்ததும் ஒரு காரணம்தான், மறுக்கலை. ஆனா இன்னிக்கு நாட்டுல பாதிக்கு மேல மறுபடி காடு.

சான் ஹோசேல டாக்ஸி ஓட்டறவர் டீசல் போடும்போதெல்லாம் நீங்க போட்டோ எடுத்த மரத்துக்குக் காசு குடுக்கறார். நீங்க நன்றி சொல்றது இயற்கை அன்னைக்கு. நியாயமா இருக்கா?

அடுத்தது ஆறு. பகுவாரே. தலமன்கா மலையில பொறந்து கரீபியன் கடல் வரைக்கும் சுமார் 108 கிலோமீட்டர். ரெண்டு பக்கமும் மழைக்காடு, நடுவுல பாறைக்கு பாறை மோதி ஓடற தண்ணி. ராஃப்டிங் போறவங்க இந்த ஆத்துப் பேரை மந்திரம் மாதிரி சொல்லுவாங்க. கடைசிப் பகுதியில ரெண்டு பக்கமும் செங்குத்தா பாறைச் சுவர் எழும்பி நிக்கும். அந்த இடுக்கு வழியா ராஃப்ட் மெதுவா மிதக்கும், எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டு அண்ணாந்து பாப்போம். தோஸ் மொந்தான்யாஸ்னு பேரு. ரெண்டு மலைன்னு அர்த்தம்.

அந்த இடுக்குலதான் அணை கட்டத் திட்டம் போட்டிருந்தாங்க. சிவில் படிச்ச நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டாம், குறுகலான பாறை இடுக்கு, மேல பெரிய நீர்ப்பிடிப்பு, அணைக்குன்னே அளவெடுத்துத் தெச்ச மாதிரி இடம். கட்டலை. ஏன்? பக்கத்து ஊர் துரியால்பாவுல 2005-ல வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவங்கள்ல மிகப் பெரும்பாலானவங்க அணை வேண்டாம்னாங்க. ஆத்தோட மேல்பகுதியில கபேகார் பழங்குடி மக்களோட நிலம் இருக்கு. அவங்க, ராஃப்டிங் வழிகாட்டிகள், ஊர்க்காரங்கன்னு பல வருஷம் இழுத்த சண்டை. கடைசியா 2015-ல அதிபர் லூயிஸ் கில்லெர்மோ சோலிஸ் ஒரு ஆணை போட்டார்: பகுவாரேலயும் சவேக்ரே ஆத்துலயும் 25 வருஷத்துக்கு நீர்மின் திட்டம் கிடையாது.

25 வருஷம். அதாவது 2040 வரைக்கும். வரத்துக்கு காலாவதி தேதி உண்டா மக்களே? வரம்னா சாமி குடுத்தது, அது பாட்டுக்கு இருக்கும், நாம கும்பிட்டுட்டுப் போனா போதும். ஆணைன்னா மனுஷன் போட்டது, இன்னொரு மனுஷன் வந்து கிழிச்சுப் போட முடியும். எதுன்னு தெரிஞ்சு எழுதினாத்தானே 2040-ல யாராவது எழுந்து நின்னு கேப்பாங்க?

இங்க ஒருத்தர் கை தூக்குவார்: "அப்ப கரண்டுக்கு என்ன பண்றது? அணையே வேண்டாம்னா இருட்டுல உக்காரணுமா?" நல்ல கேள்வி. பகுவாரேவுக்குப் பக்கத்துலயே இன்னொரு ஆறு, ரெவென்டசோன். ஒரு காலத்துல அதுவும் ராஃப்டிங்குக்குப் பேர் போனது. 2000-ல அங்கோஸ்துரா அணை வந்தது. 2016-ல அதை விடப் பெரிசா 305 மெகாவாட்ல இன்னொரு அணை. 2015 முதல் பல வருஷம் தொடர்ந்து 98 சதவீதத்துக்கு மேல புதுப்பிக்கத்தக்க மின்சாரம்னு உலகமே கை தட்டுச்சே, அதுல பெரும்பங்கு இந்த மாதிரி அணைகள்தான். ஹோட்டல் ரூம்ல நான் செல்போன் சார்ஜ் போட்டதும் அந்தக் கரண்டுலதான். ஆக, ஒரு ஆத்தை விட்டுக் குடுத்து இன்னொண்ணை வெச்சுக்கிட்டாங்க. இது எவ்வளவு கசப்பான கணக்கு பாருங்க. ரெண்டு பிள்ளையில எதைப் படிக்க வைக்கறதுன்னு முடிவு பண்ற குடும்பம் மாதிரி. இதைப் போய் "அள்ளிக் கொடுத்த"ன்னு எழுதறோம்.

கடலுக்கு வருவோம். அங்க கடற்கரையில பெரிய பெரிய ஹோட்டல்கள் இருக்கு, ஆனா மணல்ல யார் வேணா நடக்கலாம், குளிக்கலாம். காரணம் 1977-ல போட்ட கடலோரச் சட்டம். அலை ஏறி நிக்கற கோட்டுலேருந்து முதல் 50 மீட்டர் பொதுச் சொத்து, அடுத்த 150 மீட்டர்ல அனுமதி வாங்காம எதுவும் கட்டக் கூடாது. சட்டத்துக்கு முந்தியே பட்டா ஆன இடங்கள் விதிவிலக்கு, மீறல்களும் உண்டு, கோர்ட் வழக்குகளும் உண்டு. ஆனாலும் அடிப்படை விதி அதுதான். நீங்க துண்டு விரிச்சுப் படுத்து எடுத்த செல்பி ஒரு சட்டப் பிரிவு மேல படுத்து எடுத்தது.

பசிபிக் கரையோரம் ஒரு தேசியப் பூங்காவுக்குப் போனோம். வாசல்லயே பையைப் பிரிச்சுப் பாத்தாங்க. தின்பண்டம் உள்ள போகக் கூடாது. எங்க குரூப்ல ஒருத்தன் பையில ஊர்லேருந்து வந்த முறுக்கு. பாவம், முகம் சுருங்கிப் போச்சு. "முறுக்கால காடு அழிஞ்சிடுமாடா?"ன்னு அன்னிக்குப் பூரா புலம்பினான். அழியாதுதான். ஆனா உள்ள வெள்ளை முகக் குரங்குகள் இருக்கு. ஒரு வாட்டி முறுக்கு ருசி கண்டா அது பழம் பொறுக்கப் போகாது, உங்க பையைத்தான் பொறுக்கும். அப்புறம் கடிக்கும். மலைக்கோயிலுக்குப் படியேறின எந்தத் தமிழனுக்கும் குரங்கு தேங்காயைப் பிடுங்கின அனுபவம் இருக்கும். அதே குரங்குக் கதையை அவங்க வாசல்லயே நிறுத்தறாங்க. நமக்கு அது கெடுபிடி.

இனிமே சொல்லப் போறது சிரிக்கற விஷயம் இல்லை.

கரீபியன் பக்கம், லிமோன் நகரத்துக்குப் பக்கத்துல மொயின்னு ஒரு கடற்கரை. தோல்முதுகு ஆமைகள் முட்டையிட வர்ற இடம். அந்த முட்டையைத் திருடி வித்தா நல்ல காசு, ஆண்மைக்கு நல்லதுன்னு நம்பி பார்ல வாங்கறவங்க இருக்காங்க. போதை மருந்துக் கும்பல்களும் புழங்கற கரை. அங்க ராத்திரி ராத்திரி நடந்து முட்டைகளைப் பாதுகாத்தவர் ஹைரோ மோரா சந்தோவால். 2013 மே 31-ஆம் தேதி ரோந்து போன இடத்துல அவரைக் கடத்தி, அடிச்சுக் கொன்னு, அதே கடற்கரையில போட்டுட்டுப் போனாங்க. கூட இருந்த நாலு வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் தப்பிச்சாங்க. 2015-ல முதல் விசாரணையில கொலைக் குற்றத்துலேருந்து எல்லாரும் விடுதலை. மறு விசாரணை நடந்து 2016-லதான் நாலு பேருக்குத் தண்டனை.

அவருக்கு வயசு 26. என்னை விடச் சின்னவர். நான் 26 வயசுல அப்ரைசல்ல ரேட்டிங் குறைஞ்சு போச்சுன்னு ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தேன்.

"ஆமைக்குட்டிகள் கடலை நோக்கி ஓடும் இயற்கையின் அற்புதம்"னு எழுதும்போது இந்தப் பேரை ஒரு வரி எழுதினா என்ன குறைஞ்சிடும்? ஆமை பாத்துட்டு வந்து எழுதின தமிழ்ப் பதிவுகள்ல நான் படிச்ச வரைக்கும் ஒண்ணுல கூட அவர் பேர் இல்லை. இருந்தா சுட்டி குடுங்க, சந்தோஷமா படிக்கறேன்.

எரிமலை. அரெனால் எரிமலையை 1968 வரைக்கும் சுத்துப்பட்டு ஜனங்க வெறும் குன்றுன்னுதான் நினைச்சிருந்தாங்க. அடிவாரத்துல விவசாயம், வீடு, வாசல். 1968 ஜூலை 29-ஆம் தேதி வெடிச்சது. தபகோன், புவெப்லோ நுவேவோன்னு கிராமங்கள் அழிஞ்சு போச்சு. 87 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் 2010 வரைக்கும் குமுறிக்கிட்டே இருந்தது. ராத்திரியில செவப்பா குழம்பு வழியறதைப் பாக்கத்தான் டூரிஸ்ட் கூட்டம் வந்தது. இப்ப அடங்கியிருக்கு, ஆனா டூர் விளம்பரத்துல இன்னும் பழைய செவப்புப் படம்தான் ஓடுது.

தபகோன் கிராமம் இருந்த பகுதியில இன்னிக்கு வெந்நீர் ஊத்துக் குளியல் விடுதிகள். சுடுதண்ணியில உக்காந்து ஜூஸ் குடிக்கலாம். குடிங்க, நானும் குடிச்சேன், வேண்டாம்னு சொல்லலை. எந்த மண்ணு மேல உக்காந்திருக்கோம்னு தெரிஞ்சுக்கிட்டுக் குடிங்கன்னுதான் சொல்றேன். உச்சிக்கு ஏறத் தடை. "அடங்கித்தானே கிடக்கு, விட்டா என்ன?"ன்னு எங்க குரூப்லயே கேள்வி வந்தது. 1968 ஜூலை 28-ஆம் தேதி கூட அது அடங்கித்தான் கிடந்தது சாமி.

இன்னொரு எரிமலை போவாஸ். பள்ளத்தோட விளிம்பு வரைக்கும் ரோடு போட்டிருக்காங்க. 2017 ஏப்ரல்ல வெடிச்சது, பூங்காவை மூடினாங்க. திறந்தது 2018-ல. ஆன்லைன்ல முன்பதிவு, தலையில ஹெல்மெட், பள்ளத்துப் பக்கத்துல 20 நிமிஷம்தான்னு விதிகளோட. 2025-ல திரும்பக் குமுறினப்போ திரும்பப் பூட்டு. நாங்க போன அன்னிக்கு ஒரே மேகம். பள்ளம், புகை, ஏரி எதுவும் தெரியலை, லோடு ஆகாத பக்கம் மாதிரி வெள்ளையா ஒரு திரை. 20 நிமிஷம் அதைப் பாத்துட்டுத் திரும்பினோம் :-)

"காசும் குடுத்து, ஹெல்மெட்டும் மாட்டி, 20 நிமிஷத்துல விரட்டறானே"ன்னு பஸ்ல ஒரே புலம்பல். அந்த 20 நிமிஷத்துக்குப் பின்னால யாரு இருக்கா? அங்க தேசியப் பல்கலைக்கழகத்துல எரிமலை, நிலநடுக்கம் கண்காணிக்க ஓவ்சிகோரின்னு ஒரு நிலையம் இருக்கு, 1984-லேருந்து. வாயு அளவு, அதிர்வு எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருப்பாங்க. நம்ம தொழில்ல எல்லாருக்கும் தெரியும்: லைவ் சர்வர் அமைதியா ஓடுதுன்னா, ராத்திரி யாரோ முழிச்சுக்கிட்டு மானிட்டர் பாக்கறான்னு அர்த்தம். ராத்திரி ரெண்டு மணிக்கு அலர்ட் வந்து எழுந்தவனுக்குத் தெரியாததா இது? கண்காணிப்பையும் விதியையும் கேலி பண்றதுக்கு நமக்குத்தான் உரிமை ரொம்பக் கம்மி.

நியூசிலாந்துல வக்காரி தீவுன்னு ஒரு எரிமலை. 2019 டிசம்பர் 9-ஆம் தேதி டூரிஸ்ட்டுகள் மேல இருக்கும்போதே வெடிச்சது. தீவுல இருந்த 47 பேர்ல 22 பேர் செத்தாங்க. எரிமலை அசையறது அதுக்கு முன்னாலயே அளவீட்டுல தெரிஞ்சிருந்தது, எச்சரிக்கை மட்டத்தையும் உயர்த்தியிருந்தாங்க. டூர் மட்டும் நிக்கலை. அதனாலதான் 20 நிமிஷம்னு சொல்றவனைக் கையெடுத்துக் கும்பிடணும்ங்கறேன்.

கடைசியா அந்த "சாகசம்". காசு கட்டி, கையெழுத்துப் போட்டு, லைஃப் ஜாக்கெட் மாட்டி, வழிகாட்டி "துடுப்பு போடு"ன்னா போட்டு, "நிறுத்து"ன்னா நிறுத்தி, மத்தியானம் அவர் வெட்டிக் குடுத்த அன்னாசிப் பழத்தைத் தின்னுட்டு வர்றதுக்குப் பேரு சாகசமா? அது நல்ல ஜாலி, ஒத்துக்கறேன். நாலு மணி நேரம் அப்படிக் கத்திக் கும்மாளம் போட்டதை நான் மறக்கவே மாட்டேன். ஆனா பாறை எங்க ஒளிஞ்சிருக்கு, மேல பெய்ஞ்ச மழை எப்ப கீழ வரும், விழுந்தவனை எந்தப் பக்கம் இழுக்கணும்னு தலைக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டே வந்தது அந்த வழிகாட்டி. நாம சுமை. கத்தற சுமை.

2018 அக்டோபர்ல கெப்போஸ் பக்கம் நரன்ஹோ ஆத்துல ராஃப்டுகள் கவுந்தது. கன மழைக்கு எச்சரிக்கை இருந்த நேரம். 5 பேர் செத்தாங்க. 4 பேர் அமெரிக்கப் பயணிகள், ஒருத்தர் உள்ளூர் வழிகாட்டி. 2000-ல அரெனால் குமுறினப்போ செத்தவங்கள்லயும் ஒரு வழிகாட்டி உண்டு. நாம ஒரு நாள் போறோம், அவங்க தினம் போறாங்க. ரிஸ்க் எடுக்கறது யாருன்னு புள்ளியியல் படிக்காமலே சொல்லிடலாம். அவங்களை நம்ம பதிவுல "எங்கள் கைடு"ன்னு ரெண்டு வார்த்தையில முடிச்சுட்டு, டிப்ஸ் குடுக்கும்போது மட்டும் கால்குலேட்டரை எடுப்போம்.

அதே 2018-ல நம்ம குரங்கணி. மார்ச் 11, காட்டுத் தீயில மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவங்க போயிட்டாங்க. அதுக்கப்புறம் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்கு விதிமுறை வந்ததும் முதல்ல எழுந்த குரல் என்ன? "ஒரு காட்டுக்குள்ள நிம்மதியா நடக்க விட மாட்டேங்கறாங்க". கோஸ்டா ரிகால புலம்பற அதே வாய்தான்.

"யோவ், லீவுக்குப் போறவனுக்கு எதுக்குய்யா பாடம்? ரிலாக்ஸ் பண்ண விடு"ங்கறீங்களா? பண்ணுங்க. ரிலாக்ஸ் பண்றதுக்கும் பொய் எழுதறதுக்கும் சம்பந்தம் இல்லை. போறது உங்க விருப்பம், எழுதறது நாலு பேர் படிக்க. அவங்களுக்கு அரைக் கதை போகுது.

"அது தம்மாத்தூண்டு நாடு, 50 லட்சம் ஜனம், அவங்களால முடியும்"பீங்க. பரப்பளவுல தமிழ்நாட்டுல பாதி கூட இல்லைதான். சின்ன நாடுங்கறதால பணமும் சின்னதுதான், மாட்டுக்கறி வியாபாரியோட பலம் மட்டும் பெரிசாவே இருந்தது. 1948-ல ராணுவத்தையே வேண்டாம்னு கலைச்சவங்க. சின்ன நாட்டுக்கு அது சுலபம்னு நினைக்கறவங்க உலக வரைபடத்துல மத்த சின்ன நாடுகளையும் கொஞ்சம் பாருங்க.

"அவங்க மட்டும் என்ன யோக்கியமா?" இல்லை. உலகத்துலயே அதிகமா அன்னாசிப்பழம் ஏத்துமதி பண்ற நாடு அது. அந்தத் தோட்டங்கள்ல அடிக்கற பூச்சிமருந்து குடிதண்ணியில கலந்து, ஊர் ஊரா லாரியில தண்ணி குடுத்த கதையும் இருக்கு. பகுவாரேல நான் ருசிச்சுத் தின்ன துண்டு எந்தத் தோட்டத்துலேருந்து வந்ததோ. இதைச் சொல்றதால என் வாதம் பலவீனமாகலை. அங்க தேவதைகள் யாரும் இல்லை, நம்மள மாதிரி பேராசையும் சோம்பலும் உள்ள மனுஷங்கதான். அப்படி இருந்தும் சில இடத்துல "கூடாது"ன்னு கோடு கிழிச்சாங்க, கோடு கிழிக்காத இடம் எப்படி ஆகும்னு அந்த அன்னாசித் தோட்டத்துலயே தெரியுது.

அதனால மக்களே, அடுத்த வாட்டி பதிவு போடும்போது தயவு செஞ்சு மூணு விஷயம் சேத்துக்குங்க. இந்த இடத்தை வேற என்னவா ஆக்கப் பாத்தாங்க, யார் தடுத்தாங்க? இப்ப இதுக்கு யார் காசு குடுக்கறாங்க? உங்களைப் பத்திரமா திருப்பிக் கூட்டிட்டு வந்தவர் ஊர்ல அவர் வாழ்க்கை எப்படி? மூணையும் வழிகாட்டிகிட்டயே கேக்கலாம். பஸ்ல திரும்பும்போது ரெண்டு மணி நேரம் சும்மாதானே உக்காந்திருக்கீங்க. எங்க பகுவாரே வழிகாட்டிகிட்ட நான் கேட்டேன். அணைச் சண்டையப்போ அவர் சின்னப் பையனாம், அவங்க அப்பா ஓட்டுப் போட வரிசையில நின்ன கதையை அந்த ரெண்டு மணி நேரமும் சொல்லிக்கிட்டே வந்தார். எங்க ராஃப்ட் போட்டோ எல்லாத்தையும் விட அதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு.

சரி, நான் முடிச்சுக்கறேன். திட்டறவங்க வரிசையில வாங்க. ஆனா "படங்கள் அருமை"ன்னு மட்டும் போட்டுடாதீங்க, படமே போடலை.